என் இடது காதுக்கு வந்த சாமி

முதலில் சத்தம்தான் வந்தது. இடது காதில். பழைய ஏர்கோன் ஓடுகிற மாதிரி, ம்ம்ம் என்று, நிற்காமல்.

எங்கள் வீட்டில் ஏர்கோன் கிடையாது. ஆகவே பக்கத்து வீட்டு ஏர்கோன் என்று முடிவு கட்டினேன். பக்கத்து வீட்டில் ஒரு சீன அம்மா தனியாக இருக்கிறார். பதினெட்டு வருடப் பழக்கம். ஒரு சண்டை கிடையாது. நேராகப் போய் கேட்டைத் தட்டி, உங்கள் ஏர்கோன் சத்தம் தாங்கவில்லை என்று மலாயில் சொன்னேன். அவர் உள்ளே போய் சுவிட்சை அடைத்துவிட்டு வந்தார். சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் ஃபிரிட்ஜ் என்றேன். அதையும் அடைத்தார். மீன் தொட்டி மோட்டார் என்றேன். கடைசியில் மெயின் சுவிட்சையே கீழே இழுத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாசே அடா?" என்று கேட்டார். இன்னும் இருக்கிறதா என்று.

இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவம், மறுநாள் ஆளை வரவழைத்து ஏர்கோனைக் கழுவினார். எனக்காக.

நான் கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டினேன். பத்தொன்பது வருடம். எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கிற பிள்ளைகளைக் காலையில் தமிழ்ப்பள்ளியில் விட்டு, மத்தியானம் திரும்பக் கூட்டி வருவது. பிள்ளைகளுக்கு நான் வேன் ஆன்டி. அவர்களுடைய அம்மாக்களுக்கும் ஆன்டிதான். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் எனக்குக் குறையும் இல்லை. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வேன் ஓட்ட வாய் எதற்கு? காது வேண்டும் என்பது அப்போது தெரியாது.

சத்தம் வந்து கொஞ்ச நாளில் அந்தக் காது மந்தமாகிவிட்டது. நம் ஊர் வண்டியில் டிரைவர் வலது பக்கம். பிள்ளைகள் எல்லாரும் எனக்கு இடப் பக்கமும் பின்னாலும். பென்சிலைப் பிடுங்கிவிட்டான், சடையை இழுத்தாள், இவன் பக்கத்தில் உட்காரமாட்டேன், எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. வேனுக்குள் அப்படி ஓர் அமைதி. "ஆன்டிக்கு ரொம்பப் பொறுமை லா" என்று அம்மாக்கள் சொன்னார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பத்தொன்பது வருடத்தில் முதல் நல்ல பெயர். அதுவும் செவிட்டுக்குக் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்துத் தலைசுற்றல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பசாரில், மீன் கடை முன்னால் நின்றிருந்தேன். காது கும்மென்று அடைத்தது. பிறகு கடை சுற்ற ஆரம்பித்தது. நான் சுற்றவில்லை, கடைதான் சுற்றியது. தராசு, மீன், மேலே தொங்குகிற பல்பு, மீன்காரம்மா எல்லாம் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டே இருந்தன. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு பெரிய மீனின் செவுளில் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டேன். அது ஐஸில் படுத்திருந்தது. அன்றைக்கு அந்தக் கடையில் உறுதியாக இருந்தது அது ஒன்றுதான்.

"என்னக்கா, மீனு நல்ல மீனான்னு இப்பிடியா பாப்பாங்க?" என்றாள் மீன்காரம்மா.

சாக்கடைப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அவளே தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"அக்கா, மாசமா இருக்கியா?"

"அம்பத்திரண்டு வயசு."

"இருந்தா என்னா? சாமி குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதான் லா."

அந்த மீனை வாங்கிக்கொண்டு வந்தேன். கையை உள்ளே விட்டாயிற்று, வேறு யாரிடம் விற்பாள்?

என் கணவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் செக்கியூரிட்டி. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். பித்தம் என்றார். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். பித்தம் என்றே நானும் வைத்துக்கொண்டேன். என் பித்தம் அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்தது. சில வாரம் இரண்டு முறை.

ஒரு காலை பிள்ளைகளோடு போய்க்கொண்டிருக்கும்போதே காது அடைத்தது. அடைத்தால் சுற்றல் வரப் பத்து நிமிடம் ஆகும் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். வேனை ரோட்டோரம் ஒதுக்கி, இரண்டு பக்க விளக்கையும் போட்டுவிட்டு, நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டேன். கண்ணை ஒரு திருகாணி மேலேயே வைத்திருந்தேன். பின்னால் பேசுவது வலது காதில் விழுந்தது.

"ஆன்டி தூங்குறாங்க."

"இல்லடா. சாமி கும்பிடுறாங்க."

"ஸ்கூல் லேட்டாயிடும்."

"லேட்டாகக் கூடாதுன்னுதான் கும்பிடுறாங்க."

பாதி சுற்றல் நின்றதும் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். பள்ளி மணி அடிப்பதற்குள். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பின்னால் பதினான்கு பிள்ளைகள். அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். வேனை விட்டால் நான் ஒன்றுமில்லாதவள் ஆகிவிடுவேன் என்றும் பயம். இரண்டு பயத்தில் எது பெரியது என்று யாராவது கேட்டிருந்தால் பிள்ளைகள்தான் என்று சொல்லியிருப்பேன். ஆனால் தினமும் காலையில் சாவியை எடுத்தது யார்? நான்தான்.

தலைசுற்றல் வாரத்தில் ஒரு மணி நேரம். வரப்போகிறதே என்கிற பயம் மீதி நேரம் முழுக்க. கல்யாணத்துக்குப் போவதை விட்டேன். அங்கே மேளம், மைக், நூறு பேர் ஒரே நேரத்தில் பேச்சு. ஒரு வார்த்தை பிரிந்து வராது. கேட்காததற்கெல்லாம் சிரித்து வைத்தேன். ஒரு சாவு வீட்டிலும் அப்படிச் சிரித்துவிட்டேன். அதன் பிறகு அந்த வீட்டார் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் அது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. சுங்கை பூலோவில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால், கையில் மாவு என்று அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அப்படி எட்டு மாதம் என் கையில் மாவுதான்.

குளியலறையில் பைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் காதுச் சத்தம் கொஞ்சம் அமுங்கும். அழுகைச் சத்தம் வெளியே போகாது. ஒரே பைப்பில் இரண்டு வேலை. தண்ணீர் பில் ஏறியதற்கு என் கணவர் ஒரு வாரம் குழாய் ஒழுகுகிறதா என்று தேடினார்.

பிறகு ஆடி வெள்ளி வந்தது.

தாமான் ஓரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். உறுமி மேளம் வைத்திருந்தார்கள். நான் எப்போதும் பின்னால் செருப்புப் பக்கம் நிற்கிறவள். அன்றைக்கு வேன் பிள்ளையின் அம்மா ஒருத்தி, "வாங்க ஆன்டி, முன்னால எடம் இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய் உறுமிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். என் இடது காது ஒரு தினுசு. மெதுவான சத்தம் கேட்காது. பெரிய சத்தம் ஆணி மாதிரி இறங்கும். உறுமியைத் தேய்த்தார்கள். ஆணி இறங்கியது. காது அடைத்தது. அன்றைக்குப் பத்து நிமிடமெல்லாம் கொடுக்கவில்லை. உடனே சுற்றியது.

நான் ஆடினேன். விழாமல் இருக்க ஆடினேன். கொண்டை அவிழ்ந்தது.

"ஆன்டிக்கு வந்துருச்சு! வேன் ஆன்டிக்கு வந்துருச்சு!"

அருள் வந்தவரைச் சுற்றி நின்று மேளத்தை ஏற்றி அடிப்பது நம் வழக்கம். அரைகுறையாக வந்த சாமி முழுதாக இறங்க வேண்டுமே. மேளக்காரர்கள் நான்கு பேர் என்னைச் சுற்றி வந்து நின்று, குனிந்து, என் காதுக்கே அடித்தார்கள். அவர்கள் அடிக்க அடிக்க எனக்குச் சுற்றியது. எனக்குச் சுற்றச் சுற்ற அவர்கள் அடித்தார்கள். யாரோ தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். எனக்கு வேண்டியது வேப்பிலை இல்லை, ஒரு தூண். எதிரே நின்ற பூசாரியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவரும் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும்.

"தாயே, யாரு நீ? வந்திருக்கிறது யாரு, சொல்லு!"

மேலே குழல் விளக்குகள் விசிறி மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

"லைட்ட அடைங்க" என்றேன்.

"லைட்ட அடைக்கச் சொல்றா தாயி! அடைங்கடா!"

கோயில் இருண்டது. கற்பூரம் மட்டும். கொஞ்சம் பரவாயில்லை என்று நினைப்பதற்குள் ஒருத்தி காலில் விழுந்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம், நல்லா அமையுமா தாயே என்று அழுதாள். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது.

"பேசாதீங்க" என்றேன்.

"பேச வேணாம்னு சொல்றா! அந்த எடத்தோட பேச வேணாமாம்!"

வேப்பிலையிலேயே வாந்தி எடுத்தேன். அதற்கும் ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார். ஊர்ப் பிணியை எடுத்துக் கக்குகிறாளாம்.

மறுநாளிலிருந்து என் கதை வேறு. அம்மாக்கள் வேன் கதவுப் பக்கம் வந்து கும்பிட்டார்கள். பிள்ளைகளை மிரட்டி வைத்தார்கள் போல, சத்தமே இல்லாமல் கைகட்டி உட்கார்ந்தார்கள். வேன் முகப்பில் யாரோ எலுமிச்சம்பழ மாலை கட்டினார்கள். புதிதாக இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தார்கள். "அம்மனே ஓட்டுற வண்டி, பயமில்ல" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது எனக்கே கேட்டது. வலது காதில். கோயிலில் வெள்ளிக்கிழமை அந்த நேரம் வந்தால் பூசாரி விளக்கை அடைக்க ஆரம்பித்தார். நான் வாந்தி எடுத்த நேரம் ஒரு பூசை நேரமாகிவிட்டது.

என் கணவர் முதலில் சிரித்தார். "தாயே, ஒரு காப்பி கெடைக்குமா?" என்றார். நான் முறைத்தேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். அம்மன் எனக்குச் செய்த ஒரே நன்மை அது.

நான் மறுக்கவில்லை. அதை ஒளிக்க மாட்டேன். தள்ளாடினால் குடித்திருக்கிறாள் என்பார்கள், மாசமா என்பார்கள், பைத்தியம் என்பார்கள். சாமி என்பது இதெல்லாவற்றையும்விட மேல். ஆனால் ஒன்று. சாமி என்று ஆன பிறகு, ஆன்டி உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாமியிடம் அதை யார் கேட்பார்கள்? பைப்பைத் திறந்து வைக்கிற நேரம் கூடியது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காது டாக்டர் இருக்கிறார் என்று பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் யாரிடமோ சொன்னது நினைவிருந்தது. ஒரு சனிக்கிழமை சேலை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொம்யூட்டர் ரயில் ஏறினேன். சென்ட்ரலில் இறங்கி நடந்தேன். பாதி வழியில் தரை சாய ஆரம்பித்தது. அங்கே நடைபாதையில், கண் தெரியாதவர்கள் காலால் தடவி நடக்க மஞ்சள் கல் பதித்திருக்கும். அதன் நடுவில் இருந்த ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். டக் டக் என்று கோல் சத்தம் வந்தது. என் காலில் தட்டி நின்றது.

"யாரு வழியில?" ஓர் ஆண் குரல். கறுப்புக் கண்ணாடி.

"நான்தான்."

"நகரலாம் தானே?"

"முடியல. தல சுத்துது."

"கண்ண மூடிக்குங்க."

"மூடுனா இன்னும் சுத்துது."

"அப்பத் தொறந்துக்குங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." சிரித்தார். "எங்கக்கா போவணும்?"

"காது டாக்டருகிட்ட."

"கண்ணு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"அப்ப நீங்க போர்டப் படிங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

முழங்கையைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன். அவர் நடந்தார், நான் போர்டு படித்தேன். ரோட்டைத் தாண்டும்போது கார்க்காரர்கள் நிறுத்தினார்கள். நான்தான் அவரை ரோடு தாண்ட வைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். புண்ணியம் எனக்கு வந்திருக்கும்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். தமிழ்ப் பெண். என்னைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அமுக்கணும். வலது காது முடிந்தது. இடது காது வந்ததும் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. பெயிலாகிவிடுவேனோ என்று குத்துமதிப்பாக அமுக்கிக்கொண்டே இருந்தேன். நாலைந்து முறை அமுக்கியிருப்பேன். டாக்டர் கதவைத் திறந்தார்.

"அக்கா, நான் இன்னும் சத்தமே குடுக்கலக்கா."

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அங்கேகூடக் காப்பியடித்து மாட்டியதில்லை.

உட்காதில் தண்ணீர் அழுத்தம் கூடிப்போகிறது என்றார். ஒரு வெள்ளைக்காரப் பெயர் சொன்னார், வாயில் நுழையவில்லை. முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம். மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய், கருவாடு, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனார்.

"வண்டி ஓட்டுறீங்களா?"

"கொஞ்சம்."

"இது அடங்குற வரைக்கும் வேணாம்கா. இது எப்பவும் சொல்லிட்டு வராது."

பத்து நிமிடக் கணக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வேன் பற்றியும்.

"மனசு எப்பிடி இருக்கு?"

"இருக்கு."

"தூக்கம்?"

"வரும். போவும்."

"அழுவீங்களா?"

"பைப்பத் தொறந்து வெச்சிட்டு."

எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "வியாதி காதுலதான்கா. ஆனா ஆளயே ஆட்டிடும். வந்துருமோ வந்துருமோன்னு பயந்துட்டே இருந்தா, அந்தப் பயத்துலயும் தல சுத்தும். நிறைய பேரு வெளிய போறதையே விட்டுடுறாங்க. வீட்டுல யாருகிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன்."

சொல்லவில்லை. சேலை எங்கே என்று கணவர் கேட்டார். கலர் பிடிக்கவில்லை என்றேன். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வேனை எடுத்தேன். மாத்திரை போட்டாயிற்றே, இனி என்ன?

இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. நான்தான் ஜெயித்தேன் என்று இருந்தேன்.

அது ஒரு மத்தியானம். பிள்ளைகளை ஏற்றி, வேனைச் சுற்றி வந்து, இடப் பக்க இழுவைக் கதவை நானே இழுத்து மூடுவது வழக்கம். பத்தொன்பது வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை. கதவு பூட்டினால் டப்பென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எப்போதும் தெரிந்துகொள்வேன். அன்றைக்கு வெயில், காதில் ஏர்கோன் பலமாக ஓடிக்கொண்டிருந்தது. டப் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. கேட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். இரண்டாம் தரம் இழுத்துப் பார்க்கவில்லை.

பள்ளியைத் தாண்டி வலது பக்கம் திரும்பினேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் வாயை அகலமாகத் திறந்திருந்தார்கள். வலது ஜன்னல் வழியே வந்த லோரி இரைச்சலில் ஒன்றும் பிரிந்து கேட்கவில்லை. பாடுகிறார்கள் என்று நினைத்தேன். சாமி ஆன பிறகு ஊமையாக வந்த பிள்ளைகள் மறுபடி பாடுகிறார்களே என்று சந்தோஷம்கூட வந்தது. கொஞ்சம் வேகமாகவே போனேன்.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்ப் பையன் என் ஜன்னல் பக்கம் வந்து கையால் வேனை அடித்தான். அப்புறம்தான் நிறுத்தினேன்.

கதவு முழுதாகத் திறந்து கிடந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, இருக்கிறவர்களிலேயே சின்னவள், அவளுடைய ஒரு கால் வெளியே தொங்கியது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவளுடைய புத்தகப் பையின் இரண்டு வாரையும் முறுக்கிப் பிடித்திருந்தாள். விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. விடு என்று சொன்ன பிறகும் விடவில்லை.

சின்னவளுக்கு ஒரு காலில் சப்பாத்து இல்லை. பின்னால் நடந்து போய் ரோட்டிலிருந்து எடுத்து வந்தேன். வெள்ளைச் சப்பாத்து. மேலே லோரி டயர் ஏறிய தடம். எங்கிருந்து எது வரை அவர்கள் கத்தியிருக்கிறார்கள் என்று நடந்தபோதுதான் தெரிந்தது. நீளமான ரோடு.

அன்று சாயங்காலம் சின்னவளின் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். நான் கதவைத் திறந்தபோது அடி வாங்கத் தயாராகத்தான் நின்றேன். கையில் பூவும் தேங்காயும் வைத்திருந்தாள்.

"ஆன்டி, உங்க வண்டியா இருந்ததாலதான் என் புள்ள பொழச்சா. வேற வண்டியா இருந்தா இன்னைக்கு என்னா ஆயிருக்கும்? அம்மன்தான் அந்த அக்காப்புள்ள கையில வந்து புடிச்சிருக்கா."

என் காலைத் தொட்டாள். நான் தேங்காயை வாங்கிக்கொண்டேன். அவள் போன பிறகு தேங்காயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டியிருந்தால்கூடச் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன்.

"எனக்கு எடது காது கேக்காது."

"என்னது?"

"எட்டு மாசமா. டாக்டரும் பாத்தாச்சி. சாமியெல்லாம் இல்ல. தல சுத்தல்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். பிறகு கேட்டார்.

"எட்டு மாசமா உனக்கு எடப்பக்கம் படுத்துக்கிட்டு வேல எடத்துக் கதையெல்லாம் சொன்னேனே?"

"ஆமா."

"ஒண்ணுமே கேக்கலயா?"

"நல்லாத் தூங்குனேன்."

தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்துத் தாமானில் வேன் ஓட்டுகிற ஒரு பெண்ணுக்குப் போன் போட்டு, காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள்.

மறுநாள் வீடு வீடாகப் போனேன். நடந்துதான். குடையை ஊன்றிக்கொண்டு. போனிலேயே சொல்லியிருக்கலாம், அம்மாக்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. ஆனால் காலைத் தொட்டவர்கள். நேரில் சொல்லணும்.

முதல் வீட்டில் நம்பவில்லை. "அம்மன் உத்தரவா ஆன்டி? வேன நிறுத்தச் சொல்லிட்டாளா?" என்றாள். அம்மன் இல்லை, காது என்றேன். சரி சரி என்று கும்பிட்டாள். இரண்டாவது வீட்டில் முகம் மாறியது. கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னொரு வீட்டில் டீ கொடுத்தார்கள். தன் மாமியாருக்கும் இதே வியாதிதான், வெளியே சொல்லாமல் இரண்டு வருடம் கட்டிலிலேயே கிடந்தார் என்றாள் அந்தப் பெண்.

கோயிலில் என் காலில் விழுந்தவளின் வீடும் வழியில்தான். அவளிடமும் சொன்னேன்.

"அப்ப அந்த மாப்பிள்ள?"

"தெரியாது. வாந்தி வந்துச்சி. பேசாதீங்கன்னேன்."

வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நல்ல எடம் ஆன்டி. பிஜேயில ஆபீஸ் வேல. வேணாம்னு சொல்லிட்டோமே. திரும்பப் போயி கேக்கவா?"

"கேளுங்க."

"இது சாமி சொல்றதா, நீங்க சொல்றதா?"

"நான்தான் சொல்றேன்."

"அப்ப யோசிக்கணும்" என்றாள்.

பூசாரியிடமும் சொன்னேன். அவர் என் பிடி எட்டாத தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டார். "தாயி எங்க வேணா வருவா. காதுல வரக் கூடாதா?" என்றார். அவரோடு வாதாட எனக்கு வார்த்தை போதாது. வந்துவிட்டேன்.

சின்னவளின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பயம்தான். கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னேன். காது கேட்காது என்பதை. எட்டு மாதம் என்பதை. வண்டி ஓட்டாதே என்று டாக்டர் சொன்னதை. சொன்ன பிறகும் ஓட்டியதை. பிள்ளைகள் கத்தியதைப் பாட்டு என்று நினைத்ததை. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை நான் பேசியதில்லை.

அவள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். எனக்கு இடப் பக்கம் நின்று திட்ட ஆரம்பித்தாள். வாய் அசைவது தெரிந்தது, பாதி வரவில்லை. அப்படியே நின்றிருந்தால் பாதியோடு தப்பித்திருக்கலாம். நான் திரும்பி வலது காதை அவள் பக்கம் கொடுத்தேன்.

"நானு உங்க கால்ல விழுந்தேன்! கால்ல! என் புள்ளய நீங்க கொல்லப் பாத்துட்டு, வாய மூடிட்டு நின்னீங்க, நான் விழுந்தேன்! ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னா கொறஞ்சிருக்கும்? வேன்தான் பெருசா? என் புள்ளய விட அந்தத் தகர டப்பா பெருசா?"

"ஆமா, அப்பப் பெருசா இருந்துச்சி" என்றேன்.

அதற்கு அவள் எதிர்பார்த்திருந்தது வேறு பதில் போல. பிறகு மறுபடியும் ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எனக்குக் காது அடைக்க ஆரம்பித்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் திட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னா, சுத்துதா?"

"கொஞ்சம்."

"வந்து தொலைங்க உள்ள. என் வாசல்ல விழுந்து வெக்காதீங்க. அதுக்கும் நாலு பேரு மேளத்தத் தூக்கிட்டு வந்துருவானுங்க."

கையைக் கொடுக்கவில்லை. ஆனால் முன்னால் போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனேன். சின்னவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் நின்றாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அம்மா தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து திட்டினாள்.